20 பாகை வாயுவை 40 பாகைக்குச் சூடாக்கினால் கனவளவு இரட்டிக்குமா?

இரட்டிக்காது தம்பி. உயர்தர வகுப்பில் நானும் இதே பிழையை விட்டவன்தான்.

அமுக்கம் மாறாமல் இருந்தால், குறிப்பிட்ட திணிவுள்ள வாயுவின் கனவளவு அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமம். இதுதான் சாள்சின் விதி. தனிவெப்பநிலை என்றால் கெல்வின். செல்சியசோடு 273 கூட்ட வேண்டும். அப்போ உங்கள் கணக்கு 293இலிருந்து 313. கூடுவது ஏறக்குறைய 7 வீதம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். மட்டக்களப்பு மத்தியான வெயிலுக்கு 32 பாகை என்று வைப்போம். காலியான ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை, மெல்லிய பிளாஸ்டிக்காகப் பார்த்து, மூடியை இறுக்கி பிரிட்ஜில் வையுங்கள். உள்ளே 5 பாகை என்றால் 305 கெல்வின் 278 ஆகிறது; ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ 910 மில்லிலீற்றராகச் சுருங்கப் பார்க்கும். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் போத்தலின் விலா உள்ளே ஒடுங்கியிருக்கும். வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று பழையபடி நிமிரும். மூலக்கூறுகள் மெதுவாகி, சுவரில் மோதும் வேகம் குறைவதால் வெளிக்காற்று போத்தலை அமுக்குகிறது.

கல்லடிக் கடற்கரை வெயிலில் நிறுத்திய சைக்கிள் டயர் வேறு கதை. அது பெரிதாக விரியாது. அதனால் கனவளவுக்குப் பதில் அமுக்கம்தான் ஏறும்.

சாள்ஸ் இதை 1787 அளவில் கண்டாலும் வெளியிடவில்லை. 1802இல் வெளியிட்டவர் கேலுசாக்.