மீதிப் பதின்மூன்று பிரசவம் எங்கே?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மூன்று வருடமாக ஒரு கருத்தரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27. பிரசவமும் மகளிர் நலமும் சேர்ந்த மேற்படிப்பு படிக்க ஆசை. எம்.எஸ்சி. மகப்பேறு, மகளிர் நோய் நர்சிங்கா, 18 மாத மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பா என்று குழப்பம். எம்.எஸ்சி. படித்தால் நர்சிங் கல்லூரியில் டியூட்டர், அதாவது ஆசிரியை ஆகலாம், நைட் டூட்டி இருக்காது. மூன்று தனியார் கல்லூரிகளின் விவரம் அனுப்பியிருக்கிறேன். அப்பா நிலத்தை அடமானம் வைத்துப் பணம் தருகிறேன் என்கிறார். காலேஜில் எல்லோரையும் போல நானும் கேஸ் புக்கில் (நாங்களே எடுத்த பிரசவங்களைப் பதியும் நோட்டு) 20 பிரசவம் எழுதினேன், கையால் எடுத்தது ஏழுதான். அந்த அனுபவம் மட்டும் கொஞ்சம் குறைவு. எந்தக் கல்லூரி நல்லது?
— பெயர் வேண்டாம், முசிறி

பதில்: என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கு. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கல்லூரி விவரங்களை மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டு, அந்த ஏழு பிரசவத்தை மட்டும் அரை வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. மீதிப் பதின்மூன்று எங்கே? 'எல்லோரையும் போல' என்கிறாயே, அந்த எல்லோருமா நாளைக்கு உன் வகுப்பில் நின்று பாடம் எடுக்கப்போகிறார்கள்? பிரசவம் 'பார்ப்பது' என்று நம் ஊரில் சொல்வதற்குக் கட்டில் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது என்று அர்த்தம் கிடையாது.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே கட்டில், சுற்றிலும் மூன்று கல்லூரி யூனிஃபார்ம், பன்னிரண்டு பிள்ளைகள். கையுறை போட்டவள் ஒருத்தி. பதினோரு பேர் எட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மாவின் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) தங்கள் கேஸ் புக்கில் குறித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கேஸ் புக்குகளில் கையெழுத்துப் போட்ட ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கிறாயா? கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அரை லிட்டரைத் தாண்டினாலே ஆபத்துக் கணக்கு. டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் தேய்த்துவிட்டு அதை இறுக வைப்பது நர்ஸின் உள்ளங்கைதான். அந்த வித்தியாசத்தை ஏழு பிரசவத்தில் கை கற்றுக்கொள்ளாது. கற்காத கையோடு டியூட்டர் ஆகி, வருடத்துக்கு நாற்பது பிள்ளைகளின் கேஸ் புக்கில் கையெழுத்துப் போடுவாய். எதைப் பார்த்துப் போடுவாய்?

இனி படிப்பு. எம்.எஸ்சி. இரண்டு வருடம். நீ கேட்கும் இரண்டும் சேர்ந்தது அதுதான். பிரசவத்தோடு கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, மாதவிடாய் நிற்கும் காலம், குழந்தையின்மை எல்லாம் வரும். ஆனால் போதனா முறை, ஆராய்ச்சி, நிர்வாகம், தீசிஸ் என்று வகுப்பறைப் பக்கமும் நிறையச் சாய்ந்திருக்கும். 55 சதவீத மார்க்கும் ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள், உன்னிடம் இருக்கும். பிராக்டிஷனர் படிப்பு 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் வந்தது. சிக்கலில்லாத பிரசவத்தை நர்ஸே பொறுப்பேற்று நடத்துவதற்கானது. அங்கே லேபர் வார்டு அனுபவம் கேட்பார்கள். இன்றைய நிலையில் உனக்கு அந்தக் கதவு திறக்காது.

நீ அனுப்பிய மூன்று கல்லூரியில் எதிலும் 'எங்கள் மருத்துவமனையில் மாதம் இத்தனை சுகப்பிரசவம்' என்று ஒரு வரி இல்லை. ஏசி ஹாஸ்டல் இருக்கிறது, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியாரிடம் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு 64 சிசேரியன், அரசு மருத்துவமனையில் 36. அப்படியானால் பிரசவம் கற்க எங்கே நிற்க வேண்டும் என்று நீயே கணக்குப் போடு. போனைப் போட்டுக் கேள்: லேபர் வார்டு போஸ்டிங் எங்கே, ஒரு ஷிஃப்டில் எத்தனை மாணவிகள், நைட் போஸ்டிங் உண்டா? மழுப்பினால் வைத்துவிடு. குழந்தைகள் ராத்திரியில்தான் அதிகம் தொந்தரவு கொடுக்கும், பிறக்கும்போதும் சரி, பிறந்த பிறகும் சரி. நைட் டூட்டி வேண்டாம் என்பவளுக்கு நர்சிங்கில் வேறு எத்தனையோ பிரிவு இருக்கிறது.

இந்த வருடம் எங்கும் சேராதே. கருத்தரிப்பு மையத்தை விட்டுவிட்டு, பிரசவம் நிறைய நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் லேபர் வார்டு கேட்டு வேலைக்குச் சேர். சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து எம்.எஸ்சி. வேண்டுமா, பிராக்டிஷனர் வேண்டுமா என்று எனக்கு எழுத வேண்டிய அவசியமே உனக்கு இருக்காது.

அப்பா விஷயம். பெண் படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்கிற தகப்பன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெற்றவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன தடவை அவர் இருபதுக்கு ஃபீஸ் கட்டினார், நீ ஏழோடு வீட்டுக்கு வந்தாய். அந்தப் பதின்மூன்றை முதலில் அவரிடம் சொல். பத்திரத்தை அப்புறம் கேள்.