எல்பிஜிக்கு மாற்றிய காரில் வால்வு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: பழைய ஓம்னிக்கு கேஸ் கிட் போட்டிருக்கிறேன். தினமும் வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் போய் வருகிறேன். கேஸில் ஓட்டினால் வால்வு போய்விடும், வால்வைக் காக்கும் திரவத்தை எஞ்சினுக்குள் சொட்டவிடும் மருந்து பாட்டில் மாட்டிவிடு என்கிறார்கள். அவசியமா?

பதில்:

மருந்து இரண்டாம் பட்சம் அண்ணாச்சி. முதல் வேலை டேப்பெட் கேப்பை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்பது. அடுத்தது, காற்றோடு கலக்கும் கேஸ் குறைந்துபோகாமல் பார்ப்பது. இந்த இரண்டும் சரியில்லாத வண்டியில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் வால்வு நிற்காது.

பெட்ரோல் பொடித் துளியாக உள்ளே வந்து ஆவியாகும்போது இன்டேக் (கலவை உள்ளே வரும்) பக்கத்தைக் கொஞ்சம் குளிர்விக்கும். கேஸ் காய்ந்தபடியே வருகிறது, அந்தக் குளிர்ச்சி இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை சீட்டில் (வால்வு மூடும்போது உட்காரும் வளையத்தில்) போய் அடிக்கிறது. பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு அப்படி அடிக்கும்போது இரண்டு இரும்பும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி, பிய்ந்து வருகிறது. பிய்ந்த துகள் அங்கேயே கிடந்து உப்புத்தாள் மாதிரி சீட்டைத் தேய்க்கிறது. முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய படலமாக நின்று இதைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயம் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் சீட்டு கடினமானதுதான். ஆனால் அது ஈயமில்லாப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தது, எல்லா எஞ்சினிலும் கேஸுக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சீட்டு தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகத்துக்குள்) இறங்கும், அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலே வரும். அதனால் டேப்பெட் கேப் குறையும், சத்தமும் குறையும். 'எஞ்சின் பட்டுப்போல ஓடுது' என்று சந்தோஷப்படுவது இந்தக் கட்டத்தில்தான், ஆபத்தும் இங்கேதான். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் சுமார் முக்கால் பங்கைச் சீட்டு வழியாகத்தான் இறக்குகிறது. கேப் பூஜ்யமானால் வால்வு முழுதாக உட்காராது, சூடு இறங்க வழியில்லை, ஓரம் கருகி ஓட்டை விழும். பிறகு ஐடிலில் மிஸ்ஸிங், பிக்கப் போச்சு, சைலன்சர் வாயில் 'பப் பப்' என்று விட்டு விட்டுச் சத்தம்.

ஓம்னியில் இருப்பது ஸ்க்ரூவைத் திருகிக் கேப்பைச் சரிசெய்யும் டேப்பெட் என்பது உங்களுக்கு வசதி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். வால்வு கவரைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் மேல்முனைக்கு (வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலைக்கு) கொண்டுவந்து, ஃபீலர் கேஜை (கேப்பை அளக்கும் மெல்லிய தகட்டை) விடுங்கள். லேசான பிடியோடு இழுபட வேண்டும். எக்ஸாஸ்டுக்கு வண்டிக் கையேட்டில் சொன்ன அளவின் மேல் எல்லையில் வையுங்கள். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் கேஜ் குழியின் மேலாகப் போய் பொய் அளவு காட்டும், அதைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சரி செய்வதற்கு முன் இருந்த அளவை நோட்டில் எழுதி வையுங்கள், அந்த எண்தான் உங்களுக்கு ஜாதகம். கிட் போட்டதும் முதல் 5,000 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 10,000க்கு ஒருமுறை. உதாரணத்துக்கு, 0.20 மி.மீ. வைத்தது அடுத்த முறை 0.18 என்றால் பயமில்லை. 0.10க்கு வந்திருந்தால், அதுவும் ஒரே சிலிண்டரில் என்றால், தேய்மானம் வேகமாக நடக்கிறது. ஆயில் அழுத்தத்தில் கேப்பைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள கார்களில் இந்த எச்சரிக்கையே கிடைக்காது. அது தானாக ஈடுகட்டிக்கொண்டே வந்து, எல்லை முடிந்ததும் ஒரேயடியாகக் கம்ப்ரஷன் போகும். அவற்றில் வருடம் ஒருமுறை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்ப்பது நல்லது. எந்தச் சிலிண்டரிலாவது குறைந்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

இனி கலவை. மைலேஜ் வேண்டும் என்று கேட்டால் சிலர் வேப்பரைசரிலிருந்து (திரவ கேஸை ஆவியாக்கும் பகுதியிலிருந்து) மிக்சருக்கு (அதைக் காற்றோடு கலக்கும் பகுதிக்கு) வரும் குழாயில் இருக்கும் ஸ்க்ரூவை மூடி வைப்பார்கள். கேஸ் குறைந்தால் மெதுவாக எரியும், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது, அந்தத் தீ முழுவதும் வால்வு ஓரத்தைத் தாண்டித்தான் போகிறது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு ஹெட்டையே விலையாகக் கொடுக்க வேண்டி வரும். ஐடிலில் மட்டும் டியூன் செய்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், லோடில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்து கேஸ் கொடுக்கும் சீக்வென்ஷியல் கிட் என்றால் ஸ்கேனர் மாட்டி, பெட்ரோலிலும் கேஸிலும் ஃப்யூயல் ட்ரிம் எண்களை (கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை) ஒப்பிடலாம். கேஸில் மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பாருங்கள். தீப்பொறி விழும் டைமிங் பின்னால் இருந்தாலும் இதே சூடுதான். பிளக் கேப்பைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், கேஸுக்குத் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும்.

உங்கள் ரூட்டில் இன்னொன்று. ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரை காற்று எதிரே வந்து முட்டும். 80இல் போனாலும் ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் மிதிபட்டே இருக்கும். சீட்டுத் தேய்மானம் லோடும் சுற்றும் கூடும்போதுதான் எகிறும். அந்த மாதங்களில் 60–65இல் போங்கள், அல்லது அந்தப் பகுதியைப் பெட்ரோலில் கடந்துவிடுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் சொல்லவே வேண்டாம். சீட்டைச் சுற்றியுள்ள நீர்வழியில் உப்பு பாறைபோலப் படிந்தால் சூடு வெளியேறாது. கலந்தே வரும் கூலன்ட் போதும்.

இப்போது மருந்து பாட்டில். நல்ல கலவை, சரியான கேப் உள்ள எஞ்சினில் அது தேய்மானத்தைக் குறைக்க உதவும். ஆனால் எஞ்சினின் வேக்கம் (உறிஞ்சும் இழுப்பு) இழுத்துச் சொட்டும் வகையில் ஒரு குறை உண்டு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வேக்கம் விழுந்து சொட்டு நின்றுபோகும், மருந்து அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான். குழாயை ஒரு சிலிண்டர் பக்கம் செருகினால் மற்றவற்றுக்குப் போகாது, எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், மிக்சருக்கு அருகே கொடுங்கள். அளவு பாட்டிலில் போட்டிருப்பதுதான். பெட்ரோல் டேங்கில் ஊற்றுவதால் கேஸில் ஓடும்போது ஒரு பயனும் இல்லை.

ஏற்கெனவே இறங்கிவிட்ட சீட்டுக்கு வால்வு லேப்பிங் (பேஸ்ட் வைத்து வால்வையும் சீட்டையும் தேய்த்துப் பொருத்துவது) மட்டும் செய்தால் இன்னும் இறங்கும். பழைய சீட்டைக் கடைந்து எடுத்து, கேஸுக்கு ஏற்ற கடினமான சீட்டு அடிக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் சீட்டின் தொடு அகலம் 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், ஒடுங்கினால் சூடு இறங்காது. வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடு ஆடுகிறதா என்பதைச் சீட்டு வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும், ஆடும் கைடை வைத்து வெட்டிய சீட்டு வட்டமாக இருக்காது. ஹெட் ஏற்றி 1,000 கிலோமீட்டரில் டேப்பெட்டை மறுபடி அளந்து, அந்த அளவையும் நோட்டில் எழுதுங்கள்.