அண்ணன் நாற்காலியில் தம்பி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே கொரியத் தொடரைப் பற்றியது. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை, காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சரி, அதையே பேசிவிடுவோம்.

'யுவர் ஹானர்' என்று தேடினால் நாலைந்து வந்து நிற்கிறது. இரட்டையர் கதை எது?
- ஒரு வாசகர், காரைக்குடி

2018இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. யூன் ஷி-யூன் இரட்டை வேடம். கொரிய மொழியில் வைத்த பெயருக்கு 'அன்புள்ள நீதிபதி அவர்களுக்கு' என்று அர்த்தம், வெளிநாட்டுக்காக 'யுவர் ஹானர்' ஆக்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் வேறு கதை. மகன் வண்டியில் ஆளை இடித்துவிட, நீதிபதியான அப்பா அதை மூடி மறைக்கப் பார்ப்பது. இஸ்ரேலில் பிறந்த அந்தக் கதை இந்திக்கு வந்து, அமெரிக்கா போய், 2024இல் அதே பெயரில் கொரியாவுக்கும் போய்விட்டது. "எட்டு எபிசோடு பார்த்துவிட்டேன், இரட்டையரைக் காணோமே" என்று புதுவயலிலிருந்து கோபமாக எழுதியிருப்பவருக்கும் இதுதான் பதில்.

கதையை நாலு வரியில் சொல்லுங்கள், பிடித்தால் பார்க்கிறேன்.
- வாசகி, கோனாபட்டு

அண்ணன் ஹான் சு-ஹோ படிப்பில் எப்போதும் முதல், இப்போது நீதிபதி. தம்பி ஹான் காங்-ஹோ, ஐந்து முறை தண்டனை வாங்கியவன். ஒருநாள் அண்ணன் காணாமல் போகிறான், தம்பி அவன் அங்கியை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். பயிற்சிக்கு வந்த சட்டம் படித்த பெண் ஒருத்தி (லீ யூ-யங்) பக்கத்திலேயே இருக்கிறாள், அவளுக்குத் தன் அக்கா விஷயத்தில் பழைய காயம். நாலு வரி ஆகிவிட்டது.

32 எபிசோடாமே? என் வயதுக்குத் தாங்குமா?
- வாசகர், பள்ளத்தூர்

பயப்படாதீர்கள், உண்மையில் பதினாறுதான். அங்கே ஆன்டெனாவில் வரும் தரைவழி சேனல்கள் நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போடக்கூடாது என்று வெகுநாள் தடை இருந்தது, 2021இல்தான் எடுத்தார்கள். அதுவரை ஒரு மணி நேர எபிசோடை இரண்டாக வெட்டி, முதல் பாதிக்கு ஒரு நம்பர், அடுத்த பாதிக்கு ஒரு நம்பர் கொடுத்து, இடையில் விளம்பரத்தை ஓட்டிக்கொண்டார்கள். செட்டியார் கணக்கு தோற்றது!

அந்தத் தம்பி நல்ல தீர்ப்பாகத்தான் கொடுக்கிறான். அவன் போலி என்று தெரிந்துபோனால் கொடுத்த தீர்ப்பெல்லாம் என்ன ஆகும்? செல்லுமா, செல்லாதா? வீட்டில் இதை வைத்து இரண்டு நாளாகச் சண்டை.
- வாசகி, தேவகோட்டை

ஆச்சி, வந்ததில் இதுதான் கேள்வி. கொரியச் சட்டத்தை வைத்து நான் வாதாட முடியாது, நம் ஊர்ச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

1981இல் உச்ச நீதிமன்றத்துக்கு இதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் ஒரு விவகாரம் வந்தது. ஆந்திராவைச் சேர்ந்த கோகராஜு ரங்கராஜு வழக்கு. செஷன்ஸ் நீதிபதிகள் சிலரை நியமித்த முறையே தப்பு என்று அவர்களுடைய நியமனம் ரத்தாகிவிட்டது, அப்படியானால் அதற்கு முன் அவர்கள் எங்களுக்குக் கொடுத்த தண்டனையும் செல்லாதுதானே என்று கேட்டுக்கொண்டு போனார்கள். செல்லும் என்றது கோர்ட். உத்தரவு வாங்கி, பதவி ஏற்று, ஊரறிய உட்கார்ந்து வேலை பார்த்தவர், நியமனத்தில்தான் ஓட்டை, அவர் தீர்ப்பையெல்லாம் கலைத்தால் வழக்குப் போட்டவன் கதி என்ன என்பதுதான் காரணம். ஆனால் கூடவே ஒரு கோடும் கிழித்தது. இந்தச் சலுகை நியமனத்தில் குறை உள்ளவருக்குத்தான், எந்த உத்தரவும் இல்லாமல் நாற்காலியில் புகுந்து உட்கார்ந்தவனுக்குக் கிடையாது.

நம் காங்-ஹோ புகுந்தவன். உத்தரவு அண்ணன் பெயரில், உட்கார்ந்தது தம்பி. அதனால் அவன் எவ்வளவு நியாயமாகத் தீர்ப்பு எழுதியிருந்தாலும் அது வெறும் காகிதம், வழக்கைத் திரும்ப முதலிலிருந்து நடத்த வேண்டியதுதான். அதில் ஜெயித்த ஏழைக்கும் அதே கதிதான். எனக்குத் தொடரில் உறுத்துவது இந்த இடம். அவன் எழுதும் ஒவ்வொரு நல்ல தீர்ப்பும் அந்த ஆளைத் திரும்பக் கோர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தப்போகிறது என்பதை யாருமே யோசிப்பதில்லை.

ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனை தனி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 204ஆம் பிரிவு, அரசு ஊழியர் வேஷம் போட்டால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை, அபராதமும் உண்டு. 319ஆம் பிரிவு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் ஐந்து வருஷம் வரை. இதெல்லாம் டிராமாவில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள், 2024இல் குஜராத்தில் ஒருவர் போலி நடுவர் மன்றமே வைத்து, மேடை, டவாலி எல்லாம் போட்டு, அரசு நிலத்துக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எங்கள் கட்சிக்காரர்களிலும் ஓர் இரட்டையர் உண்டு. பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அவருக்குக் காய்ச்சல், தம்பி அதே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்த எனக்கும் தெரியவில்லை, வக்கீலுக்கும் தெரியவில்லை. எதிர்ப்பக்க டீக்கடைக்காரர்தான் பிடித்தார். "உங்க ஆள் இன்னைக்கு சர்க்கரை போட்டுக் குடிக்கிறாரே, சுகர் சரியாப் போச்சா?" என்றார். ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னேன், அவர் முகம் வெளுத்து வாய்தா வாங்கிவிட்டார். தம்பி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே வீடு, ஒரே பங்கு, அவன் சொல்லப்போறதத்தானே நானும் சொல்லப்போறேன், இதுல என்ன பொய் இருக்கு?" உண்மையில் அவர் சொல்ல இருந்ததில் ஒரு பொய்யும் இல்லை. கூண்டில் அழைத்தது அவர் பெயரை இல்லை, அவ்வளவுதான்.

கைரேகை வைத்தால் பத்து நிமிஷத்தில் மாட்டியிருப்பானே?
- வாசகர், ஆத்தங்குடி

மாட்டியிருப்பான். ஒரு கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட ஒன்றுதான், ரேகை அப்படி இல்லை, அது வயிற்றுக்குள் இருக்கும்போது இடநெருக்கத்தையும் அழுத்தத்தையும் பொறுத்துத் தனித்தனியாக விழுகிறது. அதுவும் கொரியாவில் 17 வயதில் அடையாள அட்டைக்குப் பத்து விரலையும் பதிந்து வைத்துவிடுகிறார்கள், ஐந்து முறை உள்ளே போனவன் ரேகை போலீஸிலும் இருக்கும். ஆனால் மேடையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதியிடம் போய் "ஐயா, கொஞ்சம் கையைக் கொடுங்கள்" என்று யார் கேட்பது? நம் பத்திர ஆபீசில் நம்மிடம் கேட்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவர் வீட்டை இங்கே யாரோ எழுதிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் போட்டோ, பெருவிரல் எல்லாம். பதிவுச் சட்டம் 82ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்துக்கு ஏழு வருஷம் வரை போட்டிருக்கிறது.

இன்னொன்று, அங்கேயும் நீதிபதி சுத்தியலால் தட்டுவதில்லை. சினிமாக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஊர் ஏமாறலாம், வீட்டு ஆள் எப்படி ஏமாறும்?
- வாசகி, நாட்டரசன்கோட்டை

ஏமாறாது. எங்கள் பக்கத்து வீட்டில் இரட்டைப் பையன்கள், இருவரும் ஐயா பெயரைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் ஆத்தா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டே, பட்டாலையில் காலடி விழுகிற சத்தத்தை வைத்து, "சின்னவனே, செருப்பக் கழட்டிட்டு வா" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

இது நம்ம எம்.ஜி.ஆர். படம்தானே?
- வாசகர், திருப்பத்தூர்

1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யைச் சொல்கிறீர்கள். அதுவும் தெலுங்கிலிருந்து வந்ததுதான். அதில் வந்தவன் வீட்டைத் திருத்தினான், எல்லோரும் கைதட்டினோம். இதில் வந்தவன் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சாட்டையைச் சுழற்றவும் முடியாது, மேலே ஆறடிக்கு அங்கி.

முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கண் விழிக்க முடியவில்லை.
- வாசகி, கண்டனூர்

மாட்டேன் ஆச்சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள்.