பீசோ சேடில் வாங்கும் முன் ப்ரீஆம்பைப் பாருங்கள்

ஃப்ரெட் (கழுத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பி) இல்லாத எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரில் பீசோ (அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும் படிகம்) பிரிட்ஜ் பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை ஒன்றாக. கேட்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாற்றம் அடைந்தவர்கள். மீதிப் பேருக்காவது அது நேரக்கூடாது.

கேள்வி: ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வடிவத்தில் நான்கு தந்தி ஃப்ரெட்லெஸ் வைத்திருக்கிறேன். டபுள் பேஸின் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் வகைக் கருவி) ஒலி வேண்டும். பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் நான்கு சேடில்களையும் எடுத்துவிட்டு பீசோ சேடில் போட்டால் கிடைத்துவிடுமா?

பதில்: அதனால் மட்டும் கிடைக்காது. டபுள் பேஸின் ஒலி அதன் உள்ளீடற்ற பெரிய உடலிலிருந்தும் அதிரும் மேற்பலகையிலிருந்தும் வருகிறது. அதன் தந்தி நீளம் ஏறத்தாழ 105 செ.மீ.; உங்கள் கருவியில் சுமார் 86 செ.மீ. டபுள் பேஸில் விரலால் மீட்டிய ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும், திட மரப் பேஸில் நெடுநேரம் நிற்கும். இந்த வேறுபாடுகளை எந்தச் சேடிலும் மாற்றாது.

பீசோ என்ன தரும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். காந்தப் பிக்அப், தான் இருக்கும் இடத்துக்கு மேலே தந்தி அசைவதை மட்டுமே உணர்கிறது. பீசோ, தந்தி வந்து முடியும் இடத்தில் அது சேடிலை அழுத்தும் விசையை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆகவே ஸ்வரம் தொடங்கும் கணம், விரல் தந்தியைத் தொடும் ஓசை, மேல் அலைவரிசைகள் எல்லாம் மங்காமல் வரும். கமகம் வாசிப்பதற்காக ஃப்ரெட்லெஸ் எடுத்தவர்களுக்கு இந்தத் தெளிவு பெரிய உதவி. மிருதங்கமும் வயலினும் சூழ்ந்திருக்கும்போதும் பேஸின் இழுப்பு தனியாகக் கேட்கும். கூடவே உடலில் கை படும் சத்தமும் சட்டைப் பொத்தான் உரசலும் வரும். பீசோவை மட்டும் திறந்து வைத்து வாசித்தால் கொஞ்சம் காதைக் கூசவைக்கும், தகரம் தட்டிய ஒலிதான். என் கணிப்பில் அது காந்தப் பிக்அப்புடன் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கலக்கும்போதுதான் அழகாக இருக்கிறது.

'ம்வா' என்று பேஸ் வாசிப்பவர்கள் சொல்லும் அந்தப் பாடும் ஒலிக்காகத்தான் பீசோ கேட்கிறீர்கள் என்றால், வாங்க வேண்டாம். அது தந்தி ஃபிங்கர்போர்டை மெல்ல உரசுவதால் பிறப்பது. கழுத்து ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும், நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் துண்டு) தாழ்வாக இருக்க வேண்டும், பலகை மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தில் உலகம் கேட்ட ஒலியில் பீசோவே இல்லை. எபாக்ஸி பிசின் பூசிய பலகை, ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி, பிரிட்ஜ் பக்கத்துக் காந்தப் பிக்அப், அவருடைய விரல்கள், அவ்வளவுதான்.

டபுள் பேஸ் பக்கம் நகர வேண்டுமானால் பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) அல்லது கறுப்பு நைலான் சுற்றிய தந்தி. பிறகு பிரிட்ஜை ஒட்டித் தந்திக்கு அடியில் ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டு. ஸ்வரம் நிற்கும் நேரம் அதனால் குறையும். பிறகு ஒரு நல்ல செட்டப் (கழுத்து, தந்தி உயரம் ஆகியவற்றைச் சரிசெய்வது). இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் பீசோவுக்கு வாருங்கள். (1966இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட ஏயூபி-1 என்ற ஃப்ரெட்லெஸ் பேஸிலேயே பிக்அப் பிரிட்ஜுக்கு அடியில்தான் இருந்தது. பீசோ அல்ல, உலோகத் தகட்டின் அதிர்வை உணரும் காந்தச் சுருள். காந்தத்துக்கு அகப்படாத குடல் தந்தியையும் அதில் போடலாம். இந்த ஆசை பழையது.)

கேள்வி: உள்ளூர்க் கடையில் பீசோ சேடில் பொருத்தினேன். "பேட்டரி எல்லாம் தேவையில்லை, ப்ரீஆம்ப் வீண் செலவு" என்று சொல்லி, இருக்கும் வால்யூம் கன்ட்ரோலிலேயே இணைத்துக் கொடுத்தார்கள். இப்போது பேஸே இல்லாத பேஸாக ஒலிக்கிறது. சேடில் போலியா?

பதில்: சேடில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தவறு இணைப்பில்: ப்ரீஆம்ப், அதாவது பிக்அப்பின் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி வலுப்படுத்தும் சிறு மின்சுற்று, விடுபட்டிருக்கிறது. இந்தப் பத்தியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

பீசோ படிகம் மின்சுற்றில் ஒரு சிறிய கெபாசிட்டர் போல நடந்துகொள்கிறது. அதற்கு எதிரே நிற்கும் மின்தடை குறைவாக இருந்தால் தாழ்ந்த அலைகள் வடிகட்டப்பட்டுவிடும். எந்த அளவுக்கு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்: 1-ஐ 2π, மின்தடை, கெபாசிட்டன்ஸ் மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் வரும் ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். நான்கு சேடிலும் சேர்ந்து 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஜாஸ் பேஸில் வழக்கமான 250 கிலோஓம் வால்யூமில் நேராக இணைத்தால் அந்த எல்லை ஏறத்தாழ 640 ஹெர்ட்ஸ். உங்கள் கனமான ஈ தந்தியின் அடிப்படை அலை 41 ஹெர்ட்ஸ். மெல்லிய ஜி தந்தியே திறந்த நிலையில் 98தான். அதாவது நான்கு தந்திகளின் அடிப்படை ஒலியும் எல்லைக்கு வெகு கீழே விழுந்துவிடுகிறது, மேல் அலைகள் மட்டும் ஆம்ப் வரை போகின்றன. வால்யூமைக் கழற்றிவிட்டு 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட பேஸ் ஆம்பில் நேராகச் செருகினாலும் எல்லை 160 ஹெர்ட்ஸில் நிற்கும், அதுவும் போதாது. 10 மெகாஓம் உள்ளீடுள்ள ஒரு பஃபர் (சிக்னலை இழக்காமல் கடத்தும் எளிய ப்ரீஆம்ப்) வைத்தால் 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போதுதான் முழு பேஸும் கிடைக்கும்.

கிட்டாரில் இந்தக் குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பேஸில் முடியாது. ஆகவே ப்ரீஆம்பை வீண் செலவு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சேடில் வாங்கும் பட்ஜெட்டில் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உள்ளீட்டு மின்தடை எவ்வளவு?" என்பதுதான். பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இப்போதைக்குச் செலவு குறைந்த வழி உண்டு. டிஎல்072 போன்ற ஜேஃபெட் (உள்ளீட்டு மின்தடை மிக அதிகமான) ஆப்-ஆம்ப் ஐசி, ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டர், சில சிறு பாகங்கள், 9 வோல்ட் பேட்டரி. சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். சால்டர் வைக்கத் தெரிந்த யாராலும் ஒரு பஃபரைக் கட்டிவிட முடியும். இன்னும் சேடில் வாங்காதவர்களுக்கும் இதையே சொல்வேன்: அதே தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 27 மி.மீ. பீசோ தகட்டைப் பிரிட்ஜ் அருகே இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, இந்தப் பஃபர் வழியாகக் கேட்டுப் பாருங்கள். உடலின் தட்டல் சத்தம் சேடிலில் வருவதைவிட அதிகமாக வரும். ஆனாலும் இந்தக் குணமுள்ள ஒலி உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: ப்ரீஆம்பும் போட்டாயிற்று. பீசோ தனியாக நன்றாக இருக்கிறது, காந்தப் பிக்அப்பும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒலி மெலிகிறது.

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஈ தந்தியை மீட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள், பிறகு சேர்த்துக் கேளுங்கள். சேர்க்கும்போது அடி ஒலி குறைந்தால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. ப்ரீஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காந்தப் பிக்அப்பின் இரு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப்புக்கும் சேர்த்துச் செய்யுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் புதிய சிக்கல் வரும். சேர்க்கும்போது அடி ஒலி இருந்து, காந்தப் பிக்அப்பின் பளிச்சென்ற மேல் ஒலி மட்டும் மங்கினால் காரணம் வேறு. ப்ரீஆம்பின் வெளியீடு குறைந்த மின்தடை கொண்டது, காந்தப் பிக்அப் அப்படியில்லை. இரண்டையும் ஒரே புள்ளியில் நேராக இணைத்தால் முன்னது பின்னதை அமுக்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனி உள்ளீடு உள்ள ப்ரீஆம்ப்தான் சரியான தீர்வு.

பீசோவை ஒரு சேனலிலும் காந்தப் பிக்அப்பை இன்னொன்றிலும் அனுப்ப ஸ்டீரியோ ஜாக் கேட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் பொருத்தலில் ஸ்டீரியோ ஜாக்கின் நடுத்தொடுப்புதான் பேட்டரியை இயக்கும் சுவிட்ச். அதை ஒலிக்குப் பயன்படுத்திவிட்டால் பேட்டரிக்குத் தனித் தொடுப்புள்ள ஜாக் வேண்டும்.

கேள்வி: மூன்று தந்தி சரி, ஏ தந்தி மட்டும் மெலிதாகக் கேட்கிறது. சேடிலை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன் அந்தச் சேடிலையும் பக்கத்துச் சேடிலையும் இடம் மாற்றிப் பாருங்கள். பலவீனம் சேடிலோடு நகர்ந்தால் சேடில் பழுது. ஏ தந்தியிலேயே நின்றால் சேடில் உட்காரும் விதமோ, தந்தி அதன் மேல் வளையும் கோணமோ போதவில்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சேடில்களில் ஒன்று செத்த நிலையில் வந்தது. "பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்கிறார் விற்பவர். நான் கச்சேரி வாசிப்பவன். நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். சுயதொழிலாக வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று கொள்வதில்லை. பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேராக வாங்கியிருந்தால் இவற்றை நடைமுறையில் அமல்படுத்துவது மிகவும் கடினம். சேடிலின் விலையோடு, கட்டிய சுங்க வரியும் போகக்கூடும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் வையுங்கள்.

ஆனால் விற்பவர், பொருத்தும்போது நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று வாதாடுவார். சேடிலின் ஒயர் தலைமுடி போல மெல்லியது, அதிகச் சூடும் படிகத்தைக் கெடுக்கும் என்பதால் அந்த வாதத்துக்கு இடமும் உண்டு. எனவே பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சேடிலையும் மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்தால் திறந்த சுற்றாகக் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் உள்ளே ஷார்ட். ஒயர் அறுந்திருந்தாலும் திறந்த சுற்றாகவே காட்டும், அதனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அடுத்து பஃபரில் இணைத்து விரல் நுனியால் தட்டினால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்க வேண்டும். பிரிட்ஜில் ஒரு திருகு சுழற்றும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு வேலைக்குப் பதில், தொழிற்சாலையிலேயே பீசோ பொருத்திய ஃப்ரெட்லெஸ் வாங்கலாமா?

பதில்: கையில் உள்ள கருவி உங்களுக்கு அன்பானதாக இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். இபானெஸின் எஸ்ஆர்எஃப் வரிசை, பீசோவையும் காந்தப் பிக்அப்பையும் சேர்த்தே வைத்திருந்தது. எஸ்ஆர்எச்500எஃப், உள்ளே குடைந்த உடலும் பீசோ மட்டும் கொண்டது. பழைய கருவிகளாக இவை சந்தையில் வருவதுண்டு. சொந்தப் பேஸையே மாற்றுவதானால் அளவெடுத்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்: தந்திகளுக்கு இடையிலான தூரம் (ஃபெண்டர் வகையில் பொதுவாக 19 மி.மீ.), சேடிலின் அகலம், உயரத் திருகின் மரை மெட்ரிக்கா அங்குலமா என்பது. பேட்டரி வைக்க உள்ளறையில் இடம் இருக்கிறதா என்றும் பின்மூடியைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் மரத்தைக் குடைய வேண்டியிருக்கும். அதை ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், கூலியையும் சேர்த்தே விலை பேசுங்கள்.