பழைய மோட்டாரில் விறகு பிளக்கும் கூம்பை நேராக மாட்டலாமா?

2 எச்.பி. மோட்டார் தண்டிலேயே திருகுக் கூம்பை (மரை வெட்டிய, சுழன்றபடி கட்டைக்குள் இறங்கி அதைப் பிளக்கும் கூம்பு) மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் என்றால் கட்டையைத் தூக்கி வீசிவிடும். மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, கூம்புத் தண்டில் 15 அங்குலப் புல்லி போட்டு பெல்ட் மாட்டுங்கள். வேகம் 288க்கு இறங்கும், முறுக்குவிசை ஏறக்குறைய ஐந்து மடங்காகும்.

முக்கியமானது கூம்புக்கு அடியில் வரும் மேசைத் தகடு. கட்டை அதில் முட்டி நின்றால்தான் கூம்பு உள்ளே இறங்கும். இல்லையென்றால் கட்டையும் சேர்ந்து சுழலும். வெட்டுமுகத்தில் குத்தாமல் பட்டைப் பக்கமாகக் கொடுங்கள். சவுக்கு சட்டென்று பிளந்துகொள்ளும். கணு விழுந்த புளி படுத்தி எடுக்கும், அதை நான் கோடாலிக்கே விட்டுவிடுவேன்.

அப்புறம், கையுறை போடாதீர்கள். கூம்பு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நிறுத்தும் ஸ்விட்ச் கால் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.