அறிவைக் கணினியில் பகிர்ந்துகொள்ள நல்ல சொற்பட்டியல் போதாதா, ஆன்டாலஜி எதற்கு?

போதாது. ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளையும் கணினிக்கு விளங்கும்படி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி. தொகுத்தவர் பக்கத்தில் இருக்கும்வரை பட்டியல் போதும். சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்டுவிடலாம். அவரை அறியாத ஒருவர் கைக்குப் போகும்போதுதான் சிக்கல். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், தரவுத்தள வேலை பார்ப்பவன். எங்கள் ஊர் வாழையை வைத்தே சொல்கிறேன்.

மார்த்தாண்டம் சந்தையில் பாளையங்கோட்டான் என்று விற்கும் பழம் திருச்சிப் பக்கம் பூவன். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போய்ப் பூவன் கேட்டால் ரஸ்தாளி வகைப் பழத்தைத் தருவார்கள். இரண்டு மாநில விலைப்பட்டியல்களைப் பெயரை மட்டும் பார்த்து ஒன்றாக்கினால், ஒரே வரியில் இரண்டு பழங்களின் விலை கலந்துவிடும். கணினி ஒரு பிழையும் காட்டாது. ஆன்டாலஜியில் ஒவ்வொரு கருத்துக்கும் பெயரைச் சாராத தனி அடையாளம் உண்டு. வட்டாரப் பெயர்கள் அதில் ஒட்டிய சீட்டுகள்தான்.

இது எளிய பகுதி. உறவுகளை எழுதுவதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. வாழையைக் கறிவாழை, பழவாழை என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இராது என்றும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏத்தனை, அதாவது நேந்திரனை, எங்கே வைப்பீர்கள்? காயைச் சீவி வறுக்கிறோம், பழத்தை அவித்துப் புட்டோடு சாப்பிடுகிறோம். இரண்டிலும் வைத்தால், தர்க்கம் பார்க்கும் மென்பொருள் முரண்பாடு என்று உடனே சொல்லிவிடும். குற்றம் ஏத்தன்மேல் இல்லை; பயன்பாட்டை இனமாக எழுதியதுதான் தவறு. பயன்பாடு தனிப் பண்பாக நிற்க வேண்டும். 'ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இராது' என்ற அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் மென்பொருள் வாயே திறந்திருக்காது. எழுதாததைப் பொய் என்று அது எடுத்துக்கொள்வதில்லை.

மட்டிப்பழம் இன்னும் நுட்பமானது. 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மட்டிக் கன்றை வேறு மாவட்டத்தில் நட்டால் விளைவதும் மட்டிதான். ஆனால் அந்தக் குறியீட்டுப் பெயரில் அதை விற்க முடியாது. ஆகவே இங்கே இரண்டு கருத்துகள் தேவை: மட்டி என்ற இரகம், அந்த இரகமாகவும் குறிப்பிட்ட எல்லைக்குள் விளைந்ததாகவும் இருக்கும் பழம். இந்த இரண்டாவது வரையறையை, ஆன்டாலஜி எழுதுவதற்கென்றே உள்ள ஓ.டபிள்யூ.எல். (OWL) மொழியில் எழுதிவைத்தால், எந்தக் குலை அதில் சேரும் என்பதை மென்பொருளே கண்டுசொல்லும். சொற்பட்டியலால் இது ஒருநாளும் ஆகாது.

ஒரு துறையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்தமைப்பை வெளிப்படையாக எழுதிவைப்பதே ஆன்டாலஜி என்று 1993இல் கணினி அறிவியலாளர் டாம் குரூபர் வரையறுத்தார். 'வெளிப்படையாக' என்ற சொல்லைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விவசாயிக்கும் வியாபாரிக்கும் தெரிந்தவை எல்லாம் சொல்லாமலே விளங்கிக்கொள்ளப்படுபவை. அவர்களோடு உட்கார்ந்து கேட்காமல், அலுவலகத்தில் இருந்தபடி வகைபிரிக்கும் ஆன்டாலஜிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தொடங்குவதற்கு ஆன்டாலஜி எழுத உதவும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டஜே மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறக்கும் முன், உங்கள் ஆன்டாலஜி பதில் சொல்லவேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். பிறகு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவோக் என்ற வேளாண் கருத்துத் தொகுப்பில் தேடிப் பாருங்கள். வாழை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புதிதாக உருவாக்காமல், உங்கள் மட்டியையும் ஏத்தனையும் அதன் கீழ் இணையுங்கள்.