நாணயம், செருப்பு, பாம்புக்கடி: கேட்ட கதையைச் சோதித்தால்?

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். விபத்து பற்றி ஊரில் உலவும் கதைகளில் எது நிஜம் என்று சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அஸ்தம்பட்டி வாசகர்: ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து ஒரு ரூபாயைச் சுண்டிவிட்டால் கீழே இருப்பவர் மண்டையைத் துளைத்துவிடுமாமே?

துளைக்காது. காற்றே இல்லாவிட்டால், 300 மீட்டர் விழும் நாணயம் மணிக்கு 270 கி.மீ. வேகத்தைத் தாண்டும். கதை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் நிஜத்தில் நாணயம் சருகு மாதிரி புரண்டு புரண்டு இறங்கும். காற்றின் தடை எடைக்குச் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடும். வர்ஜீனியா பல்கலைக்கழக இயற்பியலாளர் லூயிஸ் புளூம்ஃபீல்டு பலூனிலிருந்து ஒரு சென்ட் நாணயங்களை உதிரவிட்டு, கீழே தானே நின்று பார்த்தார். வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவுதான், மேலே பட்டும் காயமில்லை. நம் ரூபாய் எடை கூடியது, ஆனால் அகலமும் கூடியது. அதனால் பெரிய வித்தியாசம் வராது.

அதே வாசகர்: அப்போ கல்?

அதுதான் பயப்பட வேண்டியது. அரைக் கிலோ கல் வெறும் 20 மீட்டர் விழுந்தாலே அந்த நாணயத்தைப் போல 400 மடங்கு ஆற்றலோடு வந்து இறங்கும். வியூ பாயின்ட்டில் பிள்ளைகள் கல்லை உருட்டிவிட்டு விளையாடினால் தயவுசெய்து தடுங்கள்.

நாகலூர் காபித் தோட்டத்திலிருந்து: இடி மின்னலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தால் தப்பிக்கலாமா?

முடியாது. ஒரு சென்டிமீட்டர் காற்றை உடைத்துப் பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்குச் செருப்பு ஒரு தடையே இல்லை. சில்வர் ஓக் மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். கண்ணாடியை ஏற்றிய காருக்குள் உட்காரலாம். அங்கே காப்பது டயர் இல்லை, சுற்றியிருக்கும் உலோகக் கூடு. 1836ல் மைக்கேல் ஃபாரடே உலோகம் சுற்றிய கூண்டுக்குள் தானே உட்கார்ந்து இதைக் காட்டினார்.

அம்மாப்பேட்டை டிரைவர்: மலைப்பாதையில் சீட் பெல்ட் போட்டால் மாட்டிக்கொள்வோம், தூக்கி எறியப்பட்டால் பிழைப்போம் என்கிறார்கள்.

தூக்கி எறியப்படுகிறவர்தான் அதிகம் சாகிறார். கொண்டை ஊசி வளைவில் 40 கி.மீ. வேகத்தில் மோதினால் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 1954 டிசம்பர் 10 அன்று ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ராக்கெட் வண்டியில் மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் போய் 1.4 விநாடியில் நின்றார். கண்ணில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வை போனது, உயிர் போகவில்லை. பட்டைகள் அவரை இருக்கையோடு இறுக்கிப் பிடித்திருந்தன. பெல்ட்டைப் போடுங்க அண்ணா.

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா: பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சினால் விஷம் வந்துவிடும் என்று எங்கள் பக்கம் இன்னும் நம்புகிறார்கள்.

இதைக் கேட்டதற்கு நன்றிம்மா. இந்த ஒரு நம்பிக்கையால் போகிற நேரம் உயிரையே வாங்கும். 2004ல் வெளியான ஒரு சோதனையில் 8 பேர் காலில், அளந்தறிவதற்காகக் கதிரியக்கப் பொருள் கலந்த போலி விஷத்தைச் செலுத்தி, உறிஞ்சும் பம்பை வைத்துப் பார்த்தார்கள். சிவப்பாய் நீர் வந்தது. பார்க்கிறவர் விஷம் இறங்கிவிட்டது என்றே நினைப்பார். அளந்தபோது வெளியே வந்தது 0.04 சதவீதம்தான், 10,000 பங்கில் 4 பங்கு. கருவிக்கே இந்த நிலை என்றால் வாயால் என்ன வரும்?

கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து: சூடு பட்டால் டூத் பேஸ்ட் தடவலாமா?

வேண்டாம். பன்றித் தோலில் செய்த சோதனைகளில் பலன் தந்தது ஓடும் தண்ணீர்தான். குழாயடியில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். பட்டறையில் தண்ணீர்க் குழாய் உலைக்குப் பக்கத்தில் இல்லையென்றால் முதலாளியிடம் இன்றைக்கே கேளுங்கள்.